மழையின் அடியும் மண்ணின் அழிவும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதற் கேள்வி, "உங்கள் பக்கம் எத்தனை சென்டிமீட்டர்?" என்பதே. பத்திரிகைகளும் அதையே அச்சிடுகின்றன. நாமும் அச்சிட்டு வருகிறோம். முதல் நாள் காலை 8.30 மணி தொடங்கி மறுநாள் காலை 8.30 மணி வரை மழைமானியில் சேர்ந்த நீரை அளந்து, 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை என்றும், 204.4 வரை மிகக் கனமழை என்றும், அதற்கு மேற்பட்டதை அதிகனமழை என்றும் வானிலை இலாகா வகுத்து வைத்திருக்கிறது. ஏரி நிரம்புமா, அணைக்கு எவ்வளவு நீர் வரும் என்று அறிவதற்கு இந்தக் கணக்கு உதவுகிறது. ஆனால், பெய்த மழை நம் மண்ணை என்ன செய்தது என்று அறிவதற்கு இது போதாது. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கை எந்த வியாபாரியும் கணக்கென்று ஒப்பமாட்டான். மழை விஷயத்தில் நாம் அத்தகைய கணக்கையே ஆண்டாண்டாக எழுதி வருகிறோம்.

மழையின்மேல் வழக்குத் தொடுப்பது நமது நோக்கமன்று. திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான் சிறப்பு வைக்கப்பட்டிருக்கிறது. அம்முறையின் பொருத்தத்தைத் தண்ணீருக்குத் தவிக்கும் நம் ஜில்லாக்களில் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாம் சொல்ல வந்தது ஒன்றே. மண் அழிவது மழையின் மொத்த அளவை மட்டும் பொறுத்ததன்று. மழைத்துளி எத்தனை வேகத்தோடு, எத்தனை கடுமையாக, எத்தகைய நிலத்தின்மேல் விழுகிறது என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது. அந்த அடியை அளப்பதிலும், அது வெற்று மண்ணில் படாமல் தடுப்பதிலும் நாம் காட்டும் சிரத்தை மிகவும் குறைவு.

மண் அரிப்பு என்றதும் நம் கண்முன் தோன்றுவது செந்நிறமாகப் பாய்ந்தோடும் ஓடையே. ஓடும் நீரே மண்ணைப் பெயர்க்கிறது என்று நெடுங்காலமாக எண்ணி வந்தோம். ஓடும் நீர் மண்ணைச் சுமந்து செல்கிறது என்பது உண்மை. வாய்க்காலாகத் திரண்ட பிறகு அதுவே நிலத்தைக் கீறுவதும் உண்மை. ஆனால் சமவெளிப் புன்செயிலும் இளஞ்சரிவிலும் மண்கட்டியை முதலில் உடைத்துத் துகளாக்குவது விழும் துளியேயாகும். இவ்விரண்டின் வலிமையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது கடினமன்று. ஒரு மழை விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் விழுகிறதென்று கொள்வோம். அதில் பாதி பூமிக்குள் இறங்கி, மறுபாதி விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நிலத்தின்மேல் ஓடுகிறதென்றும் கொள்வோம். இயங்கும் பொருளின் சக்தி அதன் எடையையும், வேகத்தின் இருமடிப் பெருக்கத்தையும் பொறுத்தது. ஆகவே விழும் மழையின் சக்தி, ஓடும் நீரின் சக்தியைப் போல் 98 மடங்காகிறது. பள்ளிக்கூடத்துச் சிறுவனும் செய்து பார்க்கக்கூடிய கணக்கு இது.

துளிக்குத் துளி உள்ள வேற்றுமை இதனினும் பெரிது. 1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளி விநாடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வேகத்தில் தரையை அடைகிறது. 5 மில்லிமீட்டர் துளியோ ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. எடையில் முன்னதைப் போல் பின்னது 125 மடங்கு. சக்தியிலோ 600 மடங்குக்கும் மேல். தூறலும் சோனையும் ஒரே நீர்தான். ஆனால் மண்ணுக்கு அவை இரண்டும் ஒன்றல்ல.

இந்த உண்மையை உலகம் ஒரே நாளில் கண்டறியவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியில் எவால்ட் வொல்னி என்னும் பேராசிரியர் சிறு பாத்திகளை அமைத்து, பயிர் மூடிய மண்ணையும் மூடாத மண்ணையும் மழை எவ்வாறு வெவ்வேறாக நடத்துகிறது என்று ஆராய்ந்தார். 1904-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாகாணத்தில், பனித்துகள்களைப் படம் பிடித்துப் புகழ்பெற்ற குடியானவரான வில்சன் பெண்ட்லி, தட்டிலே மாவைப் பரப்பி மழையில் நீட்டி, அதில் விழுந்த துளிகள் மாவுருண்டைகளாக இறுகுவதைக் கொண்டு துளியின் பருமனைக் கணித்தார். அந்த மாவுத் தட்டு முறையையே கைக்கொண்டு, 1943-இல் லாஸ், பார்சன்ஸ் என்னும் இருவர் வாஷிங்டன் நகரத்து மழையை அளந்து, மழை கடுமையாகப் பெய்யப் பெய்யத் துளியும் பெரிதாகிறது என்பதை நிலைநாட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் எல்லிசன் என்பவர், அரிப்பு தொடங்குவது துளியின் தாக்குதலிலேயே என்பதைப் பல சோதனைகளால் விளக்கினார்.

இவை எல்லாவற்றினும் எளிதில் விளங்கக்கூடிய சாட்சியம் ஆப்பிரிக்காவிலிருந்து கிடைத்தது. இன்று ஜிம்பாப்வே என்று வழங்கும் நாட்டில், 1950-களில் நார்மன் ஹட்சன் என்பவர் அடுத்தடுத்து இரண்டு பாத்திகளைக் களையெடுத்து வெறுமையாக வைத்தார். ஒன்றின்மேல் கொசுவலை போன்ற நுண்ணிய கம்பி வலையை விரித்துக் கட்டினார். மற்றொன்றைத் திறந்தபடி விட்டார். வலை மழையைத் தடுக்கவில்லை. பெருந்துளிகளை உடைத்து மென்மையான தூறலாக்கி இறக்கியது. அவ்வளவே. இரண்டு பாத்திகளும் பெற்ற நீர் ஒன்றே, சரிவும் ஒன்றே, மண்ணும் ஒன்றே. அப்படியிருந்தும் பல ஆண்டுகளின் சராசரியில் திறந்த பாத்தி இழந்த மண், வலை போர்த்த பாத்தி இழந்ததைப் போல் 100 மடங்குக்கும் மேற்பட்டதாயிற்று. குற்றவாளி யார் என்பதை நிரூபிக்க இதனினும் தெளிவான சாட்சியம் வேறென்ன வேண்டும்?

துளி செய்யும் தீங்கு மூன்று படிகளாக நடைபெறுகிறது. முதலாவது, மண்கட்டியை உடைத்துத் துகள்களைத் தெறிக்கச் செய்கிறது. வெள்ளையடித்த சுவரின் அடியில், மழை நின்றபின் ஓரடி உயரத்துக்குச் செம்மண் புள்ளிகள் படிந்திருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சரிவான நிலத்தில் தெறிக்கும் மண்ணில் மேற்புறம் விழுவதைவிடக் கீழ்ப்புறம் விழுவதே அதிகம். இரண்டாவது, உடைந்த நுண்துகள்கள் மண்ணின் கண்களில் புகுந்து அவற்றை அடைத்துவிடுகின்றன. மேற்பரப்பு பொருக்குத் தட்டி இறுகிவிடுகிறது. மூன்றாவது, உள்ளே இறங்க வழியில்லாத நீர் மேலே ஓடத் தொடங்கி, தெறித்துக் கிடக்கும் துகள்களை வாரிக்கொண்டு போகிறது. மண் போவதோடு நிலத்தடிக்குப் போகவேண்டிய நீரும் போகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் என்றும் கோடையில் வறட்சி என்றும் நாம் தனித்தனியே அழும் இரண்டு துன்பங்களிலும் இந்தப் பொருக்குக்குப் பங்கு உண்டு.

இத்தகைய அடியை எண்ணால் மதிப்பிடும் முறையை 1958-இல் விஷ்மயர், ஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞர்கள் வகுத்தார்கள். மழையின் கடுமை தெரிந்தால் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கொண்டுவரும் சக்தியைச் சொல்லும் சூத்திரம் அவர்களுடையது. அந்த மொத்த சக்தியை, அம்மழை மிகக் கடுமையாகப் பெய்த அரைமணி நேரத்தின் வேகத்தால் பெருக்கினால் வரும் தொகையே மண்ணின் இழப்போடு மிகவும் ஒத்துவருகிறது என்று பல்லாண்டுப் பாத்திக் குறிப்புகளிலிருந்து அவர்கள் கண்டார்கள்.

இந்தச் சூத்திரத்தை நாம் ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். ஓர் ஊரில் 5 சென்டிமீட்டர் மழை 10 மணி நேரம் சீராகப் பெய்கிறது. மற்றோர் ஊரில் அதே 5 சென்டிமீட்டர் ஒரே மணி நேரத்தில் கொட்டிவிடுகிறது. மறுநாள் பத்திரிகையில் இரண்டு ஊர்களுக்கும் எதிரே ஒரே எண்தான் அச்சாகும். ஆனால் முதல் ஊரில் ஒரு ஹெக்டேரில் விழுந்த சக்தி 9 மெகாஜூல்; இரண்டாவது ஊரில் 13.4 மெகாஜூல். உச்ச அரைமணி வேகத்தாலும் பெருக்கிவிட்டால், முதல் ஊரின் தொகை 45. இரண்டாவது ஊரின் தொகை 670. ஏறக்குறைய 15 மடங்கு! இந்த 13.4 மெகாஜூலை நம் குடியானவர்களுக்குத் தெரிந்த அளவில் சொல்வதானால், ஏக்கர் ஒன்றுக்கு 2 குதிரைசக்தி மோட்டார் ஒன்று ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடி மண்ணை இடிப்பதற்குச் சமம். 1,000 ஏக்கர் புன்செய் உள்ள கிராமத்தில் 2,000 குதிரைசக்தி இடித்துவிட்டுப் போயிருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரியும் நம் அறிக்கைகளில் காணக்கிடைப்பது அரிது.

இதனால் தேசத்துக்கு நேரும் நஷ்டம் சிறிதன்று. டெராடூன் மண் பாதுகாப்பு நிலையத்து அறிஞர்களான துருவநாராயணாவும் ராம்பாபுவும் 1983-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஆண்டொன்றுக்கு 533 கோடி டன் மண் இடம் பெயர்கிறது. சராசரி ஹெக்டேருக்கு 16.35 டன். அதில் 29 சதவீதம் கடலுக்குப் போய்விடுகிறது. 10 சதவீதம் நீர்த்தேக்கங்களில் படிகிறது. மீதி ஓரிடத்திலிருந்து பெயர்ந்து மற்றோரிடத்தில் விழுகிறது. ஹெக்டேருக்கு 16 டன் என்பது தடிப்பில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்டதே. அதனாலேயே அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் 20 ஆண்டுகளில் அதுவே ஓரங்குலமாகிறது. ஓரங்குல மேல்மண்ணை உண்டாக்க இயற்கைக்கு நூற்றாண்டுகள் வேண்டும். பாட்டன் காலத்தில் சேர்ந்த சொத்தைப் பேரன் கரைக்கிறான் என்பது குடும்பங்களில் நாம் காணும் காட்சி. இங்கே ஆயிரம் தலைமுறையின் சொத்து சில தலைமுறைகளிலேயே கரைகிறது.

இனி, நம் தேசிய சுயமரியாதையைத் தொடும் ஒரு விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன சூத்திரம் வாஷிங்டன் நகரத்தில் மாவுத் தட்டில் விழுந்த துளிகளை அடிப்படையாகக் கொண்டது. அதை வகுத்த அறிஞர்களைக் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. தங்கள் நாட்டு மழையை அவர்கள் சிரத்தையோடு அளந்தார்கள். அதை அப்படியே எடுத்து நம் மழைக்குப் பொருத்திவிட்டு நாம் அமைதி அடையலாமா என்பதே கேள்வி. திருப்பதிக்கு அருகிலுள்ள காதங்கி ஆராய்ச்சி நிலையத்தில் துளிகளின் பருமனை அளக்கும் கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, ஒரே கடுமையுள்ள மழையிலும் தென்மேற்குப் பருவத்தில் பெருந்துளிகள் மிகுந்தும், வடகிழக்குப் பருவத்தில் குறைந்தும் இருப்பது தெரியவந்தது. ஒரே இடத்தில் இரண்டு பருவங்களுக்குள்ளேயே இத்தனை வேற்றுமை இருக்குமானால், வாஷிங்டன் மழை தஞ்சாவூருக்கும் உதகைக்கும் ராமநாதபுரத்துக்கும் எவ்வாறு அளவுகோலாகும்? நம் மழையின் அடி அந்தச் சூத்திரம் சொல்வதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம். எந்தப் பக்கம் தவறினாலும் தவறு தவறே. சுதந்திரம் பெற்ற தேசம் தன் வானத்திலிருந்து விழும் துளியைத் தானே அளந்து கொள்ளாமல் இருப்பது அழகன்று.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். உதகையில் 1954 முதல் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் இருந்து வருகிறது. சரிவுகளைப் படிப்படியாக வெட்டிப் பயிரிடும் முறையை நீலகிரியில் அது பரப்பியிருக்கிறது. 2017-இல் குடிமராமத்து என்னும் பழைய பெயரை மீண்டும் எடுத்து, ஏரிகளைத் தூர்வாரும் வேலையைச் சர்க்கார் தொடங்கியது. ஓடைகள்தோறும் தடுப்பணைகள் எழுகின்றன. இவை வேண்டியவையே. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை மண் இடம் பெயர்ந்த பிறகு அதைத் துரத்திப் பிடிக்கும் வேலைகள். சொத்தைத் திருடன் தூக்கிக்கொண்டு ஊர் எல்லையைக் கடந்த பிறகு அங்கே காவல் போடுவதற்கும் இதற்கும் பேதமில்லை. தமிழ்நாட்டிலுள்ள ஏறக்குறைய 39,000 ஏரிகளையும் ஒருமுறை தூர்வாரி முடித்தாலும், மேட்டுப் புன்செய்கள் வெறுமையாகக் கிடக்கும்வரை, அவை மீண்டும் தூர்ந்துகொண்டே இருக்கும். காவல் வேண்டிய இடம் துளி விழும் இடமே.

அப்படியானால் மரம் நட்டால் போதாதா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மரம் நடுவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் மரம் மட்டும் போதாது. உயர்ந்த மரத்தின் இலைகளில் சிறு துளிகள் சேர்ந்து பெருந்துளியாகிச் சொட்டுகின்றன. 8 அல்லது 9 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பெருந்துளி ஏறக்குறைய தன் முழு வேகத்தையும் அடைந்துவிடுகிறது. தேக்கு போன்ற பெரிய இலை மரங்களின்கீழ்ச் சருகையும் புல்லையும் கூட்டித் தள்ளிவிட்டால், திறந்த வெளியைவிட அங்கே அடி கடுமையாவதும் உண்டு. மண்ணைக் காப்பது மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் போர்வை: புல், சருகு, வைக்கோல், படர்ந்து வளரும் பயறு. நீலகிரியில் நன்கு தழைத்து மூடிய தேயிலைத் தோட்டம் மண்ணை நன்றாகக் காக்கிறது. சரிவில் கிளறிவிட்ட உருளைக்கிழங்குக் காடும், புதிதாக வெட்டிய தோட்டமும் முதல் மழையிலேயே மண்ணைப் பறிகொடுக்கின்றன. இரண்டும் ஒரே மலை, ஒரே மழை.

இன்னோர் ஆட்சேபத்தையும் நாம் மறைக்க விரும்பவில்லை. வைக்கோலை நிலத்தில் பரப்பிவிட்டால் மாடு எதைத் தின்னும் என்று ஏழைக் குடியானவர் கேட்பார். கேள்வி நியாயமானதே. அவருக்கு உபதேசம் மட்டும் செய்வது முறையன்று. சோளத்தினூடே தட்டைப்பயறும் கொள்ளும் விதைத்தால் மண் மூடப்படுவதோடு வீட்டுக்குத் தானியமும் மாட்டுக்குத் தீனியும் கிடைக்கும். வரப்போரங்களில் சம உயரத்தை ஒட்டி வெட்டிவேர் நட்டால் ஓடும் நீரின் வேகம் தணியும். மைசூர்ப் பக்கத்தில் குண்டல்பேட்டைக் குடியானவர்கள் தலைமுறைகளாகச் செய்துவந்ததே இது. 1980-களில் உலக வங்கி அதை எடுத்துப் பல நாடுகளில் பரப்பியது. நம் வீட்டு மூலிகையை அயல்நாட்டு முத்திரை பெற்ற பிறகே மதிக்கும் வழக்கத்தை நாம் எப்போது விடப்போகிறோம்?

நிலச்சரிவுகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2009 நவம்பரில் நீலகிரியிலும், 2024 ஜூலையில் வயநாட்டிலும் உயிர்களைக் குடித்த சரிவுகளில் நடந்தது வேறு; அங்கே உள்ளிறங்கிய நீர் மலையின் பிடிப்பைத் தளர்த்திவிட்டது. அதற்குத் தனி விசாரணையும் தனிப் பரிகாரமும் வேண்டும். ஒரு குற்றத்துக்குக் கிடைத்த சாட்சியத்தை மற்றொரு குற்றத்துக்கும் சேர்த்துக் காட்டுவது நியாயமாகாது.

நமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, தாலுகாதோறும் ஒரு நாளின் மொத்த மழையோடு, அந்நாளின் மிகக் கடுமையான அரைமணி மழையையும் சேர்த்து நாள்தோறும் வெளியிட வேண்டும். அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தானியங்கி மழைமானிகள் பல நிறுவப்பட்டிருக்கின்றன. ஆகையால் இது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. மனம் வைத்தால் முடியும். இரண்டாவது, கடற்கரை, காவிரிப் படுகை, கொங்கு நாடு, நீலகிரி ஆகிய இடங்களிலேனும் துளிகளின் பருமனையும் வேகத்தையும் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, நம் இரு பருவங்களுக்கும் உரிய சூத்திரத்தைக் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் உதகை நிலையமும் வகுத்துத் தர வேண்டும். மூன்றாவது, நீர்ப்பிடிப்பு மேம்பாட்டுத் திட்டங்களின் கணக்கில் கட்டிய தடுப்பணைகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டாமல், ஐப்பசிக்கு முன் எத்தனை ஏக்கர் வெற்று மண் மூடப்பட்டது என்பதையும் காட்ட வேண்டும். அவ்வாறு மூடும் சிறு குடியானவருக்கு அதற்குரிய உதவித்தொகையும் அளிக்க வேண்டும்.

தேசத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலம் யாருக்கு உரியது என்பதைப் பற்றி நாம் மேடைகளில் நெடுநேரம் பேசியிருக்கிறோம், பேசவும் வேண்டும். ஆனால் உரிமை பெற்ற நிலத்தில் மண் எஞ்சியிருந்தாலன்றோ அந்த உரிமைக்குப் பயன் உண்டு? அடுத்த மழைக்கு முன் உங்கள் கிராமத்தில் இரண்டு தட்டுகளில் ஒரே மண்ணை நிரப்பி, அடியில் துளையிட்டுச் சாய்த்து வையுங்கள். ஒன்றின்மேல் ஒரு பிடி வைக்கோலைப் பரப்புங்கள். மற்றொன்றை வெறுமையாக விடுங்கள். மழை நின்றபின் இரண்டிலிருந்தும் வழிந்த நீரைக் கண்ணாடிக் குவளைகளில் பிடித்து ஊராருக்குக் காட்டுங்கள். எந்தப் பிரசங்கமும் செய்யாத வேலையை அந்த இரண்டு குவளைகள் செய்துவிடும்.

மழையை நிறுத்த நம்மால் ஆகாது, நிறுத்தவும் வேண்டாம். அதன் அடியைத் தாங்கிக்கொள்ள ஒரு பிடி வைக்கோலும் ஒரு வரிசைப் பயறும் போதும் என்று தெரிந்த பின்னும் மண்ணை வெறுமையாக விட்டுவைப்போமானால், அந்தக் குற்றம் வானத்தினுடையதாகாது; நம்முடையதே. சர்க்காரும் ஜனங்களும் வரும் ஐப்பசிக்கு முன்னரே விழித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.